உருகுப்பு உலையின் கோர் வடிவமைப்பு: முதன்முறை கணக்குப் போட உட்காருபவர்களுக்கு

எம்.டெக். புராஜெக்டுக்கோ பிஎச்.டி.யின் முதல் வருடத்துக்கோ "உருகுப்பு உலையின் கோரை ஆப்டிமைஸ் செய்" என்று ஒற்றை வரியில் தலைப்பைக் கொடுத்துவிட்டு வழிகாட்டிப் பேராசிரியர் வெளியூர் போய்விட்டார் என்றால், இது உங்களுக்காகத்தான். எனக்கு இதை வரிசையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. பழைய அறிக்கைகளையும் மென்பொருள் துப்புகிற பிழைச் செய்திகளையும் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறித்தான் பாதை பிடிபட்டது. எந்த ஆவணம் வேண்டும், எதற்குக் காசு ஆகும், எதற்கு நாள் ஆகும், எங்கே வழுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன். அணு இயற்பியலின் அரிச்சுவடி தெரியும், பைத்தான் கொஞ்சம் எழுத வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே பேசுவது கிராஃபைட் வைத்த உருகுப்பு உலையை (மோல்டன் சால்ட் ரியாக்டர்) பற்றி; கோர் என்பது அதில் அணுப்பிளவு நடக்கும் நடுப்பகுதி. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் கிராஃபைட் தூண்களுக்கு இடையே, யுரேனியமோ தோரியமோ கரைந்த ஃபுளோரைடு உப்பு 600 டிகிரி செல்சியசுக்கு மேல் திரவமாக ஓடிக்கொண்டே இருக்கும். எரிபொருளும் அதுதான், வெப்பத்தை எடுத்துப்போவதும் அதுதான். இதனால் திட எரிபொருள் உலைக்குப் படித்த பாதி விஷயம் இங்கே அப்படியே பொருந்தாது.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது இது. புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகப் பெருக்கக் காரணியான கே-யை (நியூட்ரான்கள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததில் எத்தனை மடங்காகின்றன என்ற எண்; 1 என்றால் உலை நிலையாக ஓடும்) எடுத்துக்கொண்டு, உப்பு ஓடும் கால்வாயின் அளவை மாற்றி மாற்றி எங்கே கே உச்சத்தைத் தொடுகிறது என்று பார்த்து, "இதுதான் சிறந்த வடிவம்" என்று வரைபடம் போட்டுவிடுகிறார்கள். கே வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் யுரேனியத்தைக் கரைத்தால் போதும், அதற்கு ஆப்டிமைசேஷன் எதற்கு?

சரியான வழி இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு வடிவத்துக்கும் யுரேனியத்தின் அளவை மாற்றி முதலில் கே-யை 1-க்கு (அல்லது நீங்கள் முடிவுசெய்த சிறிய உபரியுடன்) கொண்டுவந்து நிறுத்துங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். ஒப்பிட வேண்டியவை நான்கு: உலை தொடங்க எத்தனை கிலோ பிளவுப் பொருள் வேண்டும், மாற்று விகிதம் (எரிந்த பிளவுப் பொருளுக்கு எவ்வளவு புதிதாகப் பிறக்கிறது) எவ்வளவு, வெப்பநிலைக் கெழு (ஒரு டிகிரி ஏறினால் கே எவ்வளவு மாறும்) எவ்வளவு எதிர்மறை, கிராஃபைட் எத்தனை வருடம் தாங்கும். இந்த நான்கும் ஒன்றை ஒன்று இழுக்கும். நான்கிலும் ஒரே நேரத்தில் ஜெயிக்கிற வடிவம் உங்கள் கணக்கில் வந்தால், கணக்கை மறுபடி பாருங்கள்.

அதே பக்கத்தில் வரம்புகளையும் எழுதுங்கள். ஹேஸ்டெல்லாய்-என் கலப்புலோகத்தை நம்பிய பழைய வடிவங்கள் வெளிவரும் உப்பை 700 டிகிரியை ஒட்டி நிறுத்தின. உள்ளே வரும் உப்பு உறைநிலைக்குப் போதிய அளவு மேலே இருக்க வேண்டும். செறிவூட்டல் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்தக் கடைசி வரம்பு முக்கியம், ஏனென்றால் அடுத்த கட்டத்தில் வரும் எம்எஸ்ஆர்இ என்ற பழைய சோதனை உலையில் போட்ட யுரேனியம் 30 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டியது, அதன் உப்புக் கலவையை அப்படியே எடுத்துப் புது வடிவத்தில் போட்டால் இன்று எந்தத் தேர்வாளரும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்.

2. ஆவணங்களைச் சேருங்கள்

நல்ல செய்தி: அடிப்படை ஆவணங்கள் எல்லாம் இலவசம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 1965 முதல் 1969 வரை ஓட்டிய எம்எஸ்ஆர்இ என்ற சோதனை உலையின் அறிக்கைகள் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓஸ்டி தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. முதலில் எடுக்க வேண்டியவை:

ஓஆர்என்எல்-டிஎம்-728: எம்எஸ்ஆர்இ-யின் வடிவ விவரம். அளவுகள், படங்கள் எல்லாம் இதில்.

ஓஆர்என்எல்-டிஎம்-730: அதே உலையின் நியூட்ரான் கணக்குகள்.

ஓஆர்என்எல்-4233: 1968-இல் வந்தது, குறைந்த திறனில் செய்த அளவீடுகள். உங்கள் கணக்கை உரசிப் பார்க்கும் கல் இதுதான்.

ஓஆர்என்எல்-4541: 1971-இல் வந்த எம்எஸ்பிஆர் என்ற 1000 மெகாவாட் மின்திறன் ஈனுலையின் (எரிப்பதைவிட அதிகப் பிளவுப் பொருளைத் தரும் உலை) கருத்து வடிவம். கட்டப்படவில்லை, ஆனால் கோர் ஆப்டிமைசேஷன் என்றால் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இவை போக, எம்எஸ்ஆர்இ-யின் முதல் கிரிட்டிகல் நிலையை (கே 1-ஐத் தொட்ட நிலை) நவீன முறையில் சரிபார்த்துத் தொகுத்த அளவுகோல் ஆவணம் ஒன்று ஓஇசிடி அணுசக்தி முகமையின் ஐஆர்பிஎச்இபி கையேட்டில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நிறுவன மின்னஞ்சல் முகவரியிலிருந்து முதல் வாரமே அனுப்பிவிடுங்கள், பதில் வரும்வரை மேலே சொன்ன அறிக்கைகளை வைத்தே வேலையைத் தொடங்கலாம்.

வழுக்கும் இடங்கள்: ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்தறி மென்பொருள் 3-ஐ 8 என்றும் புள்ளியை இல்லாமலும் படிக்கும், அதனால் அட்டவணைகளைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். அளவுகள் அங்குலத்தில், வெப்பம் ஃபாரன்ஹீட்டில், ஓட்டம் நிமிடத்துக்கு காலன் கணக்கில் இருக்கும். கெழு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொடுத்திருப்பதைச் செல்சியசுக்கு என்று நினைத்து ஒப்பிட்டு, "என் கணக்கு 1.8 மடங்கு அதிகம் வருகிறது" என்று குழம்புவது வாடிக்கை. கலவை மோல் விழுக்காடா எடை விழுக்காடா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எம்எஸ்ஆர்இ-யின் திறனும் ஆளுக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும்: வடிவமைத்தது 10 மெகாவாட் வெப்பத்திறனுக்கு, உண்மையில் ஓடியது 8-க்குச் சற்றுக் கீழே.

3. மென்பொருள், தரவு, கணினி

காசு இல்லாமல் முழுப் பாதையும் போக முடியும். ஓப்பன்எம்சி என்ற மான்டே கார்லோ மென்பொருள் (தற்செயல் எண்களை வைத்து நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்வது) திறந்த மூலம், பைத்தானிலிருந்தே ஓட்டலாம், கான்டா என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவினால் சிக்கல் குறைவு. விண்டோஸ்தான் இருக்கிறது என்றால் அதற்குள் லினக்ஸ் துணை அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: மென்பொருளை நிறுவினால் குறுக்குவெட்டுத் தரவு (நியூட்ரான் ஓர் அணுக்கருவோடு வினைபுரிய எவ்வளவு வாய்ப்பு என்ற எண்கள்) கூடவே வராது. அந்த எண்கள் இருக்கும் என்டிஎஃப் நூலகத்தைத் தனியாகத் தரவிறக்கி, அதன் இடத்தைச் சூழல் மாறியில் குறிக்க வேண்டும். பல ஜிபி அளவு, ஹாஸ்டல் வைஃபையில் இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

செர்பென்ட், ஸ்கேல், எம்சிஎன்பி மூன்றும் உரிமம் வாங்க வேண்டியவை. பின்னிரண்டும் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, படிவம், நிறுவனக் கையொப்பம், பரிசீலனை என்று மாதக்கணக்கில் இழுக்கலாம். வேண்டுமென்றால் விண்ணப்பியுங்கள், ஆனால் உங்கள் கால அட்டவணையை அந்த உரிமத்தின் தலையில் கட்டாதீர்கள். இந்த வேலைக்கு ஓப்பன்எம்சி தாராளமாகப் போதும்.

கணினிக்கு: ஒற்றை அலகுக் கணக்குகளுக்கு (6-ஆம் கட்டம்) 8 கோர் (இது செயலியின் கோர்) உள்ள லேப்டாப், 16 ஜிபி நினைவகம் போதும். முழு உலையும் எரிப்புக் கணக்கும் (எரிபொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பது) வரும்போது பல்கலைக்கழகக் கிளஸ்டர் தேவைப்படும். தமிழ்நாட்டில் படிக்கிறவர்கள் திருச்சி என்ஐடியில் உள்ள பரம் பொருள் போன்ற தேசிய மீக்கணினித் திட்டத்தின் கணினிகளில் நேரம் கேட்கலாம், உங்கள் கல்லூரி வழியாகக் கடிதம், எத்தனை கோர்-மணி வேண்டும் என்ற மதிப்பீடு இரண்டும் தயாராக இருக்க வேண்டும். மதிப்பீடு போடுவது எளிது: 200 வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 வெப்பநிலைகள், ஓட்டம் ஒன்றுக்கு 8 கோரில் 20 நிமிடம் என்றால் 200 மணி நேரம், அதாவது லேப்டாப்பை அணைக்காமல் எட்டு நாளுக்கு மேல், அல்லது 1,600 கோர்-மணி. இந்தப் பெருக்கலைப் போடாமல் ஓட்டத் தொடங்காதீர்கள்.

4. எம்எஸ்ஆர்இ-யைக் கட்டிப் பாருங்கள்

புது வடிவத்துக்குப் போகும் முன் தெரிந்த ஒன்றை உங்கள் கணினியில் திரும்ப எழுப்ப வேண்டும். எம்எஸ்ஆர்இ-யின் கோர் ஏறக்குறைய 1.4 மீட்டர் விட்டம், 1.6 மீட்டர் உயரம். 2 அங்குலச் சதுரக் கிராஃபைட் தூண்கள் நெருக்கமாக நிற்கும், பக்கங்களில் வெட்டிய பள்ளங்கள் சேர்ந்து 1.2-க்கு 0.4 அங்குலக் கால்வாய்களாகும், கோரில் உப்பின் பங்கு 22.5 விழுக்காடு. எரிபொருள் உப்பு லித்தியம், பெரிலியம், சிர்க்கோனியம், யுரேனியம் ஃபுளோரைடுகள், 65-29-5-1 என்ற அளவுக்குக் கிட்டத்தட்ட.

கிராஃபைட்டின் அளவுகள் அறை வெப்பநிலையில் கொடுக்கப்பட்டவையா, 650 டிகிரியிலா என்று பாருங்கள். உலோகப் பாத்திரம் கிராஃபைட்டைவிட அதிகம் விரியும், நடுவே உப்பு நிற்கும் இடைவெளி மாறும், கே-யும் அதோடு நகரும்.

அடுத்து மிக முக்கியமான இரண்டு அமைப்புகள். ஒன்று, கிராஃபைட்டுக்கு வெப்பச் சிதறல் தரவைச் சேர்க்க வேண்டும். வெறும் கார்பன் என்று எழுதிவிட்டால் கார்பனைத் தனித்தனி அணுக்களின் வாயுவாக நினைத்துத்தான் மென்பொருள் கணக்குப் போடும், பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். இரண்டு, வெப்பநிலை. பொருளுக்கு வெப்பநிலை சொல்லாமல் விட்டால் ஓப்பன்எம்சி 293.6 கெல்வின் என்று எடுத்துக்கொள்ளும். சொன்னாலும் இயல்பு அமைப்பில் பக்கத்திலிருக்கும் தரவுப் புள்ளியைத்தான் எடுக்கும். நூலகத்தில் 600, 900, 1200 கெல்வின் என்று இருக்கும்போது உங்களுக்கு 936 வேண்டுமென்றால் இடைச்செருகல் முறையை நீங்களேதான் இயக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கே 1.02 வாக்கில் வந்தால் பதறாதீர்கள். அளவுகோல் ஆவணத்தைத் தயாரித்தவர்களின் கணக்கே அளவீட்டைவிட 2 விழுக்காடு மேலே நிற்கிறது. கிராஃபைட்டின் அடர்த்தி, அதிலுள்ள மாசு போன்றவற்றின் மேல் சந்தேகம் இருக்கிறது. 1.00 வர வேண்டும் என்று போரான் மாசை இஷ்டத்துக்குக் கூட்டி இழுத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். 2 விழுக்காடு சார்பு இருக்கிறது என்று எழுதிவிட்டு மேலே போங்கள். ஒட்டுமொத்த வெப்பநிலைக் கெழுவையும் ஒப்பிடுங்கள், ஒரு டிகிரி செல்சியசுக்கு −13 பிசிஎம் அருகே வந்தால் மாதிரி ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பிசிஎம் என்பது லட்சத்தில் ஒரு பங்கு.

பகுதி நேரமாகச் செய்தால் இந்தக் கட்டம் மட்டுமே ஒரு மாதம் பிடிக்கும். வீண் என்று தோன்றும். தேர்வு அறையில் "உங்கள் மாதிரியை எதோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல இது ஒன்றுதான் கையில் இருக்கும்.

5. உப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே யோசியுங்கள்

இயற்கை லித்தியத்தில் 7.5 விழுக்காடு லித்தியம்-6. அதன் வெப்ப நியூட்ரான் (வேகம் தணிந்த நியூட்ரான்) உறிஞ்சும் குறுக்குவெட்டு 940 பார்ன் (குறுக்குவெட்டின் அலகு). லித்தியம்-7-க்கோ 0.045 பார்ன்தான். பெருக்கிப் பாருங்கள்: இயற்கை லித்தியத்தில் அணு ஒன்றுக்குச் சராசரி 70 பார்ன், உலை எழுந்து நிற்காது. 99.99 விழுக்காடு லித்தியம்-7 என்றால் மிச்சமிருக்கும் லித்தியம்-6 மட்டும் 0.094 பார்ன், அதாவது லித்தியம்-7-ஐப்போல் இரண்டு மடங்கு. 99.995 என்றால் 0.047, இரண்டும் சமம். எனவே தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூன்றாவது இலக்கத்தைக்கூட உங்கள் ஆப்டிமைசேஷன் உணரும். எந்தத் தூய்மையை எடுத்தீர்கள் என்று எல்லா அட்டவணைக்கும் கீழே எழுதுங்கள். வேறொருவரின் முடிவோடு உங்களுடையது நூற்றுக்கணக்கான பிசிஎம் வித்தியாசப்பட்டால் முதலில் சரிபார்க்க வேண்டிய எண் இது.

அடர்த்தி வெப்பநிலையோடு குறையும், யுரேனியமும் தோரியமும் கூடக்கூட ஏறும். லித்தியம்-பெரிலியம் ஃபுளோரைடுக்கு (66-34) கெல்வினுக்கு 0.488 கிலோ வீதம் குறையும் நேர்கோடு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: ஒரு கன மீட்டருக்கு 2413-லிருந்து 0.488 மடங்கு வெப்பநிலையைக் கழிக்க வேண்டும், 923 கெல்வினில் 1963 கிலோ. உங்கள் கலவைக்கு அளவீடு இல்லையென்றால் ஒவ்வொரு ஃபுளோரைடின் மோல் கனஅளவையும் கூட்டி மதிப்பிடலாம். யுரேனியத்தைத் தேடும் சுற்றில் மோல் பங்கை மட்டும் மாற்றிவிட்டு அடர்த்தியைப் பழையபடியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றும் சின்ன பைத்தான் சார்பு ஒன்றை இப்போதே எழுதிவைத்தால் பிற்பாடு தலைவலி மிச்சம்.

6. ஒற்றை அலகில் தொடங்குங்கள்

முழு உலையை உடனே கட்டாதீர்கள். ஓர் அறுகோணக் கிராஃபைட், நடுவே உப்புக் கால்வாய், சுற்றிலும் எதிரொளிக்கும் எல்லை. இந்த முடிவிலா அடுக்கில் இரண்டே மாறிகள்: உப்பின் பங்கு, அறுகோணத்தின் அளவு. ஒரு கணக்கு சில நிமிடங்களில் முடியும், ஒரு நாளில் முழு வரைபடமும் கிடைத்துவிடும்.

இரண்டு மாறிகளையும் தனித்தனியாக நகர்த்துங்கள், அதில்தான் பாடம் இருக்கிறது. உப்பின் பங்கைக் கூட்டினால் கிராஃபைட் குறைந்து நியூட்ரான்கள் முழுதாகத் தணியாமலே தோரியத்திடம் மாட்டும். பங்கை மாற்றாமல் அறுகோணத்தை மட்டும் பெரிதாக்கினால், நியூட்ரான்கள் உப்பிலிருந்து விலகிக் கிராஃபைட்டுக்குள்ளேயே தணிந்துவிட்டு வருவதால் தோரியத்தின் ஒத்ததிர்வுப் பிடியிலிருந்து (சில ஆற்றல்களில் மட்டும் மிகப் பலமாகப் பிடிப்பது) தப்பிக்கும், கே ஏறும், மாற்று விகிதம் இறங்கும். ஒரே உப்புப் பங்கு, இரண்டு வேறு உலைகள்.

ஒவ்வொரு புள்ளியிலும் யுரேனியத்தைத் தேட முழு ஓட்டம் பத்து முறை வேண்டாம். மூன்று யுரேனிய அளவுகளில் ஓட்டி, கே-க்கு ஒரு வளைவு பொருத்தி, தேவையான கே-யை அதிலிருந்து படித்துக்கொள்ளுங்கள். முடிவிலா அடுக்கில் கசிவு கிடையாது என்பதால் இலக்கு 1 அல்ல, உங்கள் உலையின் பருமனைப் பொறுத்து அதற்கு மேலே. முழு உலையை ஒருமுறை ஓட்டிக் கசிவைத் தெரிந்துகொண்டு இலக்கை வையுங்கள்.

7. வெப்பநிலைக் கெழு: இங்கே அவசரப்படாதீர்கள்

நான்கு ஓட்டங்கள் தனித்தனியாக: உப்பின் வெப்பநிலையை மட்டும் உயர்த்தி (அடர்த்தி மாறாமல்), உப்பின் அடர்த்தியை மட்டும் குறைத்து, கிராஃபைட்டின் வெப்பநிலையை மட்டும் உயர்த்தி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து. முதல் மூன்றின் கூட்டல் நான்காவதோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

பிரித்துப் பார்ப்பது ஏன்? உப்பு உடனே சூடாகும், கிராஃபைட் பின்னால் மெதுவாகச் சூடாகும். எம்எஸ்பிஆர் அறிக்கையில் உப்பின் பங்கு −3 சொச்சம் பிசிஎம், கிராஃபைட்டின் பங்கு +2 சொச்சம், மொத்தம் −0.9 அளவில் வந்தது. கிராஃபைட் சூடாகும்போது வெப்ப நியூட்ரான்களின் ஆற்றல் மேலேறி யுரேனியம்-233-இல் பிளவு ஒப்பீட்டளவில் கூடுவதால் அந்தப் பங்கு நேர்மறை. 2006-இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வுக் குழு அதையே நவீனத் தரவுகளோடு மறுபடி கணக்கிட்டபோது மொத்தக் கெழு லேசாக நேர்மறைப் பக்கம் போய்விட்டது. அவர்கள் கால்வாயின் அளவை மாற்றி மாற்றித் தேடி, கடைசியில் கிராஃபைட்டே இல்லாத வேக உலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதுதான் எம்எஸ்எஃப்ஆர்: 3000 மெகாவாட் வெப்பம், 18 கன மீட்டர் உப்பு, கெழு −5 பிசிஎம் வட்டாரம். தோரியம் வைத்த கிராஃபைட் உலை உங்கள் தலைப்பு என்றால் இந்தக் கெழுதான் உங்கள் வடிவத்தின் கழுத்தைப் பிடிக்கும், மாற்று விகிதம் இரண்டாம் கவலை.

இப்போது புள்ளியியல். கே-யின் பிழை 20 பிசிஎம், வெப்பநிலை வித்தியாசம் 50 டிகிரி என்றால் கெழுவின் பிழை டிகிரிக்கு 0.57 பிசிஎம். −0.9-ஐ இதை வைத்து எதிர்மறை என்று சொல்ல முடியாது. பிழையை 10 ஆக்கி, வித்தியாசத்தை 100 டிகிரி ஆக்கினால் 0.14 கிடைக்கும், இது பரவாயில்லை. ஆனால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் ஆகும், 3-ஆம் கட்டத்தில் போட்ட கோர்-மணி மதிப்பீட்டைத் திரும்பப் போய்த் திருத்துங்கள்.

8. முழு உலையும் கிராஃபைட்டின் ஆயுளும்

கோருக்கு மேலும் கீழும் உப்பு நிற்கும் அறைகளை விட்டுவிடாதீர்கள், சுற்றியுள்ள எதிரொளிப்புக் கிராஃபைட்டையும் பாத்திரச் சுவரையும் சேருங்கள். பெரிய கிராஃபைட் உலைகளில் நியூட்ரான் மூலம் நிலைகொள்ள நேரமாகும். ஷானன் என்ட்ரோபி (நியூட்ரான் மூலம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் எண்) வளைவு தட்டையாகும்வரை உள்ள சுற்றுகளைக் கழித்துவிடுங்கள், கே நிலைத்துவிட்டது என்பதை மட்டும் நம்பினால் திறன் பரவல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்.

கிராஃபைட்டின் ஆயுளை நிர்ணயிப்பது உச்சப் புள்ளி, சராசரி அல்ல. எம்எஸ்பிஆர் எடுத்த வரம்பு: 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலுள்ள நியூட்ரான்கள் சதுர சென்டிமீட்டருக்கு 3×10²². 4 வருட ஆயுள், 80 விழுக்காடு நேரம் ஓட்டம் என்றால் பத்துக் கோடி வினாடி. வகுத்தால் உச்சத்தில் வினாடிக்கு 3×10¹⁴-க்கு மேல் போகக்கூடாது. உங்கள் வடிவத்துக்கும் இதே வகுத்தலைப் போடுங்கள், இரண்டு வரியில் ஆயுள் தெரிந்துவிடும். திறனைத் தட்டையாக்கத்தான் எம்எஸ்பிஆரில் இரண்டு மண்டலங்கள்: நடுவே 13 விழுக்காடு உப்பு, வெளியே 37 விழுக்காடு. வெளி மண்டலம் கசியும் நியூட்ரான்களைத் தோரியத்தில் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கிறது. மண்டல எல்லையின் ஆரம், இரண்டு உப்புப் பங்குகள், இந்த மூன்று மாறிகள் போதும், ஐந்தாறு மண்டலம் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

9. எரிபொருள் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள்

மான்டே கார்லோவுக்கு உப்பு ஓடுவது தெரியாது. பிளவுக்குச் சற்றுப் பிந்தி வந்து உலையைக் கட்டுப்படுத்த உதவும் தாமத நியூட்ரான்களைத் தரும் துகள்களில் ஒரு பகுதி கோருக்கு வெளியே குழாயில் போய்ச் சிதைந்து வீணாகும். எம்எஸ்ஆர்இ-யில் ஒரு முழுச் சுற்றுக்கு 25 வினாடி, யுரேனியம்-235 எரிபொருளில் 212 பிசிஎம் இப்படிப் போனது, தாமத நியூட்ரான்களின் மொத்தப் பங்கே 660 சொச்சம்தான். மூன்றில் ஒரு பங்கு. கோரைச் சின்னதாக்கி வெளியே உப்பைக் கூட்டும் எந்த வடிவமும் இந்த விலையைக் கொடுக்கும், ஆகவே கோரில் உப்பு நிற்கும் நேரத்தையும் வெளியே சுற்றும் நேரத்தையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வையுங்கள்.

எரிப்புக் கணக்கில் பெரிய பொறி ஒன்று: பொருளின் கனஅளவாகக் கோரில் இருக்கும் உப்பை மட்டும் கொடுப்பது. பம்பிலும் வெப்பமாற்றியிலும் இருக்கும் உப்பும் சேர்ந்துதான் எரிகிறது. பாதி வெளியே இருந்தால், மொத்தத்தைக் கொடுக்காவிட்டால், இரண்டு மடங்கு வேகத்தில் எரிந்து தீரும். செனான் போன்ற வாயுக்கள் வெளியேறுவதையும் சேருங்கள். ஓப்பன்எம்சியின் புதிய பதிப்புகளில் தொடர் நீக்கத்துக்கு வசதி உண்டு. எம்எஸ்பிஆர் வாயுக்களை நீக்க 20 வினாடியும், புரோட்டாக்டினியத்தை (தோரியம் யுரேனியம்-233 ஆகும் வழியில் வரும் தனிமம்) நீக்க 3 நாளும் என்று வைத்தது. அதே எண்களை எடுத்தால், அப்படி ஒரு வேதி ஆலை பக்கத்தில் இருக்கிறது என்று அனுமானிக்கிறீர்கள் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். பல கட்டுரைகளில் 1-க்கு மேல் மாற்று விகிதம் வருவதே இந்த அனுமானத்தால்தான்.

10. இப்போதுதான் ஆப்டிமைசேஷன்

இதுவரை வந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. மரபணு வழிமுறையை நேராக மான்டே கார்லோவோடு இணைக்காதீர்கள், ஆயிரக்கணக்கில் ஓட்டம் கேட்கும். அதற்குப் பதில் மாறிகளின் வெளியில் லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் (புள்ளிகள் எங்கும் சீராகப் பரவும்) 100 முதல் 200 புள்ளிகளைத் தூவி ஓட்டுங்கள், சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் காஸியன் பிராசஸ் ஒன்றை (புள்ளிகளுக்கு இடையே விடையை ஊகிக்கும் மாதிரி) பொருத்துங்கள், அந்த மாற்று மாதிரியின் மேல் பைமூ நூலகத்தில் இருக்கும் என்எஸ்ஜிஏ-2 என்ற மரபணு வழிமுறையை ஓட்டுங்கள். சில நிமிடங்களில் பாரேட்டோ வளைவு (ஒன்றை இழக்காமல் இன்னொன்றை மேம்படுத்த முடியாத வடிவங்களின் வரிசை) வந்துவிடும். எல்லாம் இலவசம்.

ஆனால் வளைவின் நுனியில் நிற்கும் புள்ளிகளைச் சந்தேகப்படுங்கள். ஆப்டிமைசர் நல்ல வடிவத்தைத் தேடுகிற அதே ஆர்வத்தோடு புள்ளியியல் அதிர்ஷ்டத்தையும் தேடும். வளைவிலிருந்து ஐந்தாறு வடிவங்களை எடுத்து, வேறு ரேண்டம் விதையில், நான்கு மடங்கு துகள்களோடு, கெழு உட்பட முழுக் கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள். தாக்குப்பிடிப்பவற்றை மட்டும் அறிக்கையில் போடுங்கள். மாறிகளின் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும் "சிறந்த" வடிவம் எதையும் சொல்லவில்லை, நீங்கள் வைத்த எல்லையைத்தான் திருப்பிச் சொல்கிறது.

வெப்ப ஓட்டத்தைக் கையால் ஒருமுறை சரிபாருங்கள்: திறனை நிறை ஓட்டத்தாலும் வெப்பக் கொள்ளளவாலும் வகுத்தால் உப்பு எத்தனை டிகிரி ஏறும் என்று வரும். மோல்ட்ரெஸ், ஜென்-ஃபோம் போன்ற, நியூட்ரான் கணக்கையும் வெப்ப ஓட்டத்தையும் சேர்த்துப் போடும் இணைப்பு மென்பொருள்கள் திறந்த மூலம்தான், ஆனால் அவற்றைக் கற்க இன்னொரு செமஸ்டர் ஆகும். எம்.டெக். என்றால் அந்தப் பக்கம் போகாமல் கைக்கணக்கோடு நிறுத்துவது என் யோசனை. கிராஃபைட் தன்னுள்ளேயே காமாவாலும் நியூட்ரான்களாலும் சூடாகி, பக்கத்து உப்பைவிடச் சூடாக இருக்கும் என்பதை மட்டும் 7-ஆம் கட்டத்து வெப்பநிலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. நாள் கணக்கும் கோப்புகளும்

இரண்டு செமஸ்டர் இருந்தால்: ஆவணம், நிறுவல் மூன்று வாரம், எம்எஸ்ஆர்இ ஒரு மாதம், ஒற்றை அலகு இரண்டு வாரம், கெழுவும் முழு உலையும் இரண்டு மாதம், எரிப்பு ஒரு மாதம், ஆப்டிமைசேஷன் ஒரு மாதம், மிச்சமிருப்பது எழுத. கிளஸ்டரில் வரிசையில் நிற்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. செமஸ்டர் முடிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், பெரிய ஓட்டங்களை அதற்கு முன்பே தள்ளிவிடுங்கள்.

வெளியீட்டுக் கோப்புகள் வட்டை நிரப்பும், அவற்றை அழித்துவிடலாம். வைத்துக்கொள்ள வேண்டியவை உள்ளீட்டுக் கோப்பு, ரேண்டம் விதை, தரவு நூலகத்தின் பெயர், மென்பொருளின் பதிப்பு எண், லித்தியத்தின் தூய்மை. இவை ஐந்தும் இருந்தால் எந்த எண்ணையும் ஒரு வாரத்தில் திரும்ப எடுத்துவிடலாம். கோப்பின் பெயரில் "ஃபைனல்" என்று மட்டும் போடாதீர்கள், தேதி போடுங்கள்.